கலவானை சொன்ன தீர்ப்பு

(கலவானையில் நடந்த வாசகர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பேச்சைத் தொடங்குமுன் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். முப்பது வயதுக்குக் குறைந்தவர்கள் கையை உயர்த்துங்கள். நல்லது, மண்டபத்தில் பாதிக்கு மேல் நீங்கள்தான். இனி, மாகாண சபைத் தேர்தலில் ஒரு தடவையாவது புள்ளடி போட்டவர்கள் மட்டும் கையை அப்படியே வைத்திருங்கள். மற்றவர்கள் இறக்கிவிடலாம்.

ஒரு கைகூட மேலே இல்லை. இந்தச் சப்ரகமுவ மாகாணத்தில் கடைசியாக அந்தத் தேர்தல் நடந்தது 2012 செப்டெம்பர் 8ஆம் திகதி. அன்று உங்களில் மூத்தவரும் பாடசாலை மாணவர்தான். நான் இன்று சொல்ல வந்த விடயத்தை உங்கள் கைகளே சொல்லிவிட்டன.

இந்தத் தலைப்பு எனக்கு வந்ததே ஒரு பிள்ளையின் கேள்வியால்தான். அண்மையில் பத்தாம் தரம் படிக்கும் ஒரு மாணவி என்னிடம் வந்தாள். அமெரிக்காவில் ஆளுநர் தேர்தல் நடந்து, யார் வென்றார், எத்தனை வாக்கு என்றெல்லாம் செய்தியில் பார்த்திருக்கிறாள். "சேர், நம்ம ஆளுநருக்கு எப்ப தேர்தல்?" என்று கேட்டாள். அப்படி ஒரு தேர்தல் நமக்குக் கிடையாது என்றேன். "ஏன் சேர் கிடையாது?" என்றாள். நின்ற நிலையில் ஏதோ ஒரு பதிலைச் சொல்லி அனுப்பினேன். அது அவளுக்குப் போதவில்லை, எனக்கும் போதவில்லை. இன்றைய பேச்சு அவளுக்குச் சொல்ல வேண்டிய முழுப் பதில்.

அவள் பார்த்த செய்தியிலிருந்தே தொடங்குவோம். அமெரிக்காவின் 50 மாநிலங்களிலும் ஆளுநரை மக்கள்தான் தெரிவு செய்கிறார்கள். 2025 நவம்பர் 4ஆம் திகதி வெர்ஜீனியாவிலும் நியூ ஜேர்சியிலும் தேர்தல் நடந்தது. வெர்ஜீனியாவில் அபிகெயில் ஸ்பான்பெர்கர் வென்றார். அந்த மாநிலத்தின் வரலாற்றில் ஆளுநரான முதல் பெண் அவர். நியூ ஜேர்சியில் மிக்கி ஷெரில் வென்றார். அங்கே ஆளுநர் என்றால் மாநில அரசின் தலைவர், நம் ஊர் முதலமைச்சரைப் போன்றவர். மின்சாரக் கட்டணம் ஏன் ஏறியது, பாடசாலைக்கு ஏன் பணம் குறைந்தது என்று அவரிடம் கேட்கலாம். பதில் பிடிக்காவிட்டால் அடுத்த தேர்தலில் வாக்கால் சொல்லலாம்.

இந்தியாவுக்கு வாருங்கள். ஆளுநரை மக்களே தெரிவு செய்யலாம் என்ற யோசனை அங்கும் இருந்தது. 1948இல் வெளியான அரசியலமைப்பு வரைவில் அதற்கு இடம் இருந்தது. 1949 மே மாதக் கடைசியில் அரசியல் நிர்ணய சபை அதைக் கைவிட்டு, குடியரசுத் தலைவர் நியமிப்பார் என்று மாற்றியது. முதலமைச்சரும் மக்கள் வாக்கில் வருபவர், ஆளுநரும் மக்கள் வாக்கில் வந்தால் ஓர் உறையில் இரண்டு வாளாகிவிடும் என்று அஞ்சினார்கள். அந்த அச்சத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் நியமனத்தால் மோதல் நின்றதா? தமிழ்நாட்டைப் பாருங்கள். சட்டசபை நிறைவேற்றிய மசோதாக்களை ஆளுநர் நிறுத்தி வைத்த வழக்கு இந்திய உச்ச நீதிமன்றம் வரை போனது. 2025 ஏப்ரல் 8ஆம் திகதி, 10 மசோதாக்களுக்கு ஒப்புதல் கிடைத்ததாகவே கொள்ள வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. அதே ஆண்டு நவம்பரில், ஆளுநருக்கு நீதிமன்றம் காலக்கெடு விதிக்க முடியாது என்று அதே நீதிமன்றத்தின் அரசியலமைப்பு அமர்வு கருத்துச் சொன்னது. வாதம் இன்னும் ஓயவில்லை. ஒன்றைக் கவனியுங்கள். அங்கே ஆளுநரோடு மல்லுக்கு நிற்க, மக்கள் தெரிவு செய்த ஒரு சட்டசபையாவது இருக்கிறது.

இனி நம் நாடு. 1987 நவம்பரில் வந்த 13ஆவது திருத்தம் மாகாண சபைகளை உருவாக்கியது. ஆளுநரை ஜனாதிபதி நியமிக்கிறார். ஜனாதிபதி விரும்பும் வரை அவர் பதவியில் இருப்பார். ஆனால் அதே திருத்தம் அவருக்கு எதிரே ஒரு சபையையும் வைத்தது. முதலமைச்சர் தலைமையில் ஓர் அமைச்சர் சபை. ஆளுநர் பொதுவாக அந்த அமைச்சர் சபையின் ஆலோசனைப்படி நடக்க வேண்டும். ஆளுநர் அரசியலமைப்பை மீறினால், மாகாண சபை மூன்றில் இரண்டு பெரும்பான்மையோடு தீர்மானம் நிறைவேற்றி, அவரை நீக்கும்படி ஜனாதிபதியைக் கேட்கலாம். நம் மாகாணத்தில் அது, நியமனம் பெற்ற ஒருவரைத் தெரிவு செய்யப்பட்ட 44 பேர் பார்த்துக்கொண்டிருக்கும் ஏற்பாடு.

2017இல் சப்ரகமுவ மாகாண சபையின் காலம் முடிந்தது. மஹிபால ஹேரத் முதலமைச்சராக இருந்த அந்தச் சபைக்குப் பிறகு இன்னொரு சபை வரவில்லை. 44 பேரும் வீட்டுக்குப் போனார்கள். நியமிக்கப்பட்டவர் மட்டும் மிஞ்சினார். அதற்குப் பின் ஆளுநர்கள் மாறினார்கள், ஜனாதிபதிகள் மாறினார்கள், ஆட்சிகள் மாறின. ஒவ்வொரு முறையும் இரத்தினபுரிக்கு ஒரு புது ஆளுநர் வந்தார். நம்மிடம் யாரும் கேட்கவில்லை.

நான் எந்த ஆளுநரையும் குறை சொல்ல வரவில்லை. நல்லவர்களும் வந்திருக்கலாம், நல்ல வேலையும் செய்திருக்கலாம். நல்லவர் வந்தாலும் அவர் நமக்குக் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டவர் இல்லை என்பதுதான் என் கவலை.

சபையினரே, இந்தக் கேள்விக்கு ஏற்கனவே பதில் சொன்ன ஊரில்தான் நாம் உட்கார்ந்திருக்கிறோம். மக்கள் அனுப்பாத ஒருவர் மக்களின் பெயரால் ஆசனத்தில் இருக்கலாமா என்று நாடே திரும்பிப் பார்த்துக் கேட்ட தொகுதி கலவானை. பெரியவர்களுக்கு நினைவிருக்கும். பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்.

1970 முதல் கலவானையின் பாராளுமன்ற உறுப்பினராக இருந்தவர் கம்யூனிஸ்ட் கட்சியின் சரத் முத்தெட்டுவேகம. 1977 தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சியின் அலை அடித்தது. அந்தத் தேர்தலில் இடதுசாரிக் கட்சிகளுக்கு நாடு முழுவதிலும் ஓர் ஆசனம்கூடக் கிடைக்கவில்லை. கலவானையில் அபேரத்ன பிலப்பிட்டிய வென்றார். பிறகு தேர்தல் மனு வழக்கில் அந்த வெற்றி செல்லாது என்று ஆனது. ஆசனம் காலியானது. 1978இல் வந்த புதிய அரசியலமைப்பில், காலியான ஆசனத்துக்குக் கட்சியே ஆளை நியமிக்கலாம் என்று ஓர் ஏற்பாடு இருந்தது. நீதிமன்றம் யாருடைய வெற்றியை இல்லாமல் செய்ததோ, அவரையே கட்சி அந்த ஆசனத்துக்கு நியமித்தது.

ஆனாலும் இடைத்தேர்தல் நடக்கவே வேண்டியிருந்தது. 1981 ஜனவரியில் கலவானை வாக்களித்தது. முத்தெட்டுவேகம வென்றார். கட்சி அனுப்பியவர் ஒருவர், மக்கள் அனுப்பியவர் ஒருவர் என்று ஒரே தொகுதிக்கு இரண்டு பேர் உரிமை கோரும் நிலை. கலவானையை இரட்டை அங்கத்தவர் தொகுதியாக்க அரசியலமைப்பையே திருத்தும் முயற்சியும் நடந்தது. உயர் நீதிமன்றம் அதை ஆராய்ந்து, இது மக்களின் இறைமையைத் தொடும் விடயம், சர்வஜன வாக்கெடுப்பு இல்லாமல் முடியாது என்று சொன்னது. ஒரு தொகுதியின் ஆசனத்துக்காக முழு நாட்டையும் வாக்குச் சாவடிக்கு அழைக்க அரசு துணியவில்லை. முயற்சி கைவிடப்பட்டது.

நியமனக் கடிதத்தைவிட வாக்குப் பெட்டி கனமானது என்பதுதான் அன்று கலவானை சொன்ன தீர்ப்பு. ஆறில் ஐந்து பங்கு பெரும்பான்மை வைத்திருந்த ஓர் அரசுக்கு முன்னால் நின்று, இந்த மழைக்காட்டு ஓரத்து ஊர் அதைச் சொன்னது. முத்தெட்டுவேகம 1986இல் வீதி விபத்தில் இறக்கும் வரை அந்தப் பாராளுமன்றத்தில் இடதுசாரிகளின் குரலாக இருந்தார். அந்தக் குரலை அனுப்பி வைத்தது கலவானை.

ஆனால் உண்மையை முழுவதும் சொல்ல வேண்டும். அந்த இடைத்தேர்தல் வரிசையில் மலையகத் தமிழராகிய நம்மவர்கள் எத்தனை பேர் நின்றிருப்பார்கள்? மிகச் சொற்பம். லயத்தில் பிறந்து, லயத்தில் வளர்ந்து, இந்த மலைகளை வெட்டித் திருத்தியவர்களில் பெரும்பாலானோருக்கு அன்று வாக்கு இல்லை.

1931இல் டொனமூர் அரசியலமைப்போடு சர்வசன வாக்குரிமை வந்தபோது நம்மவர்களில் ஒரு பகுதியினருக்கும் வாக்குக் கிடைத்தது. ஹட்டனில் பெரி. சுந்தரமும் தலவாக்கலையில் எஸ். பி. வைத்திலிங்கமும் அரசாங்க சபைக்குப் போனார்கள். 1947 தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் 7 ஆசனங்களை வென்றது. நுவரெலியா, தலவாக்கலை, கொட்டகலை, மஸ்கெலியா, நாவலப்பிட்டி, பதுளை, அளுத்நுவர என்பன அந்த ஏழு. அந்தப் பட்டியலில் சப்ரகமுவ இல்லை. அன்றும் நாம் சிதறிக் கிடந்தோம். ரப்பர் மலைக்கும் தேயிலை மலைக்கும் இடையில், சிங்களக் கிராமங்களுக்கு நடுவில், இங்கே நாலு லயம் அங்கே நாலு லயம் என்று இருந்தோம்.

அந்த ஏழும் நிலைக்கவில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் நம்மை நாடற்றவர்கள் ஆக்கியது. 1949ஆம் ஆண்டுச் சட்டங்கள் வாக்கைப் பறித்தன. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்து வைத்து, 975,000 பேரில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மீதி 150,000 பேர் பிறகு பார்க்கலாம் என்று மூட்டையைப் பிரிப்பது போலப் பிரித்தார்கள். அந்த மீதியை 1974இல் ஆளுக்குப் பாதி என்று பங்கிட்டார்கள். பங்கிடப்பட்டவர்களிடம் எவரும் வாக்குக் கேட்கவில்லை, வாக்கு இருந்தால்தானே கேட்பதற்கு?

வாக்கில்லாதவனுக்குப் பாதுகாப்பும் இல்லை என்பதை அதே 1981 காட்டியது. ஜனவரியில் கலவானை ஜனநாயகத்தின் பெருமையைப் பாடியது. ஓகஸ்டில் இரத்தினபுரி, காவத்தை, இறக்குவானை, பலாங்கொடைப் பக்கத் தோட்டங்களில் நம் லயங்கள் தாக்கப்பட்டன. எங்கள் அப்பாயி தன் குடும்பத்தின் விண்ணப்பக் கடிதங்களை ஒரு தகரப் பெட்டியில் வைத்திருந்தார். அடிபிடி என்று சத்தம் கேட்டால் அவர் முதலில் தூக்குவது அந்தப் பெட்டியைத்தான், பிறகுதான் பிள்ளைகளை எண்ணுவார். பிள்ளை தானாக ஓடி வந்துவிடும், கடுதாசி வராது என்பார். 1986, 1988, 2003ஆம் ஆண்டுச் சட்டங்கள் வந்து, நாடற்றவர் என்ற பெயர் முற்றாக அழியும் வரை அவருடைய தலைமாட்டிலிருந்து அந்தப் பெட்டி நகரவில்லை.

இவ்வளவையும் கடந்து நம் கைக்கு வந்த வாக்கு இது. அதனால்தான் 2012 செப்டெம்பர் 8ஆம் திகதியை நான் மறப்பதில்லை. ஒரு தோட்டப் பாடசாலையில் வாக்குச் சாவடி. எனக்கு முன்னால் அறுபது வயதைக் கடந்த ஓர் அம்மா. இடது கைச் சுண்டு விரலில் மை பூச வேண்டும். பூச இருந்த இளைஞர் அவருடைய கையைப் பிடித்தவர் அப்படியே நின்றுவிட்டார். விரல் நுனி எல்லாம் கறுத்து வெடித்திருக்கிறது. ஏற்கனவே மை பூசிய விரலோ என்று அவருக்குச் சந்தேகம். குனிந்து பார்க்கிறார். அந்த அம்மா பதறவில்லை. "அது மை இல்ல தம்பி, கொழுந்துக் கற. நாப்பது வருசமா இருக்கு" என்றார். இளைஞர் ஒரு துணியை எடுத்து அந்த விரலைத் துடைத்தார். கறை போகவில்லை. அதன் மேலேயே மையைப் பூசினார். அம்மா உள்ளே போய்ப் புள்ளடி போட்டுவிட்டு வந்தார்.

அந்தத் தேர்தலின் முடிவு இது. 44 ஆசனங்களில் ஐக்கிய மக்கள் சுதந்திரக் கூட்டமைப்புக்கு 28, ஐக்கிய தேசியக் கட்சிக்கு 14, மலையகக் கட்சிகள் சேர்ந்து போட்டியிட்ட இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸின் பட்டியலுக்கு 2. நாற்பத்து நான்கில் இரண்டுதானே என்று கேட்பீர்கள். 1947இல் ஒன்றுகூட இல்லாத மாகாணத்துக்கு அது இரண்டு.

அது எப்படி வந்தது? கணக்கைப் பாருங்கள். இரத்தினபுரி மாவட்டத்திலிருந்து பாராளுமன்றத்துக்குப் போகிறவர்கள் 11 பேர். மாகாண சபைக்குப் போனவர்கள் 24 பேர். கேகாலையில் பாராளுமன்றத்துக்கு 9, மாகாண சபைக்கு 18; மீதி இரண்டும் போனஸ் ஆசனங்கள். பதினொன்றில் ஒன்றைப் பிடிக்கப் பெரிய வாக்குப் பலம் வேண்டும். இருபத்து நான்கில் ஒன்றை, சிதறிக் கிடக்கும் நாமும் ஒற்றுமையாய் நின்றால் பிடிக்கலாம். 2024 நவம்பர் பொதுத் தேர்தலில் இரத்தினபுரியிலிருந்து சுந்தரலிங்கம் பிரதீப் பாராளுமன்றம் போனார், பிரதி அமைச்சரும் ஆனார். மகிழ்ச்சிதான். அவர் வென்றது நாடு தழுவிய ஓர் அலையில், ஒரு தேசியக் கட்சியின் பட்டியலில். அலை எல்லாத் தேர்தலிலும் அடிக்காது. அலை இல்லாத காலத்திலும் நமக்குக் கதவு திறந்திருக்கும் இடம் மாகாண சபை.

அந்தச் சபையின் கையில் என்ன இருக்கிறது? நம் தமிழ்ப் பாடசாலைகளில் பெரும்பாலானவை மாகாணத்தின் கீழ் இருப்பவை. ஆசிரியர் நியமனம், இடமாற்றம், கட்டடம் எல்லாம் அங்கே. கிராமிய வைத்தியசாலை அங்கே. மாகாண வீதிகள் அங்கே. பிரதேச சபைகளை மேற்பார்வை செய்வதும் அங்கேதான். கணித ஆசிரியர் இல்லாமல் ஒரு வருடம் ஓடினால் பெற்றோர் யாரிடம் போவது? முன்பு மாகாண சபை உறுப்பினரின் வீட்டு வாசலில் நின்றோம். அவர் செய்தாரோ இல்லையோ, சபையில் எழுந்து கேட்டால் பதில் பதிவேட்டில் ஏறும். இன்று மனு எழுதி அலுவலகத்துக்கு அனுப்புகிறோம். கடிதம் கிடைத்தது என்று பதில் வந்தாலே பெரிய விடயம்.

தேர்தல் ஏன் நிற்கிறது? சுருக்கமாகச் சொல்கிறேன். 2017 செப்டெம்பர் 20ஆம் திகதி பாராளுமன்றம் மாகாண சபைத் தேர்தல் முறையை மாற்றியது. பாதி தொகுதி முறை, பாதி விகிதாசாரம். அதற்குத் தொகுதிகளைப் புதிதாய்ப் பிரிக்க வேண்டும். பிரித்துக் கொடுத்த அறிக்கை 2018 ஓகஸ்டில் பாராளுமன்றத்தில் வாக்கெடுப்புக்கு வந்தது. அதை ஆதரித்து ஒருவர்கூட வாக்களிக்கவில்லை. பழைய முறை சட்டத்தில் இல்லை, புதிய முறைக்கு எல்லை இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒன்பது மாகாணங்களின் வாக்குரிமையும் மாட்டிக்கொண்டது. பாராளுமன்றம் போட்ட முடிச்சு இது. பாராளுமன்றமே ஒரு சட்டத்தால் அவிழ்க்கலாம்.

மாகாண சபை வெள்ளை யானை, வீண் செலவு என்று சிலர் சொல்கிறார்கள். செலவு உண்டு, வீணும் நடந்திருக்கிறது, நான் மறைக்கவில்லை. ஆனால் சபை இல்லாததால் மாகாணத்தின் செலவு நின்றுவிட்டதா? ஆளுநர் செயலகம் இருக்கிறது, திணைக்களங்கள் இருக்கின்றன, பணம் வருகிறது, போகிறது. அதைப் பார்த்துக் கேள்வி கேட்கும் ஆட்கள்தான் இல்லை. யானைக்குத் தீனி போட்டுக்கொண்டே பாகனை மட்டும் நிறுத்திவிட்டோம்.

கேட்டால் கிடைக்குமா என்று சலிக்காதீர்கள். 2023 மார்ச்சில் நடக்க வேண்டிய உள்ளூராட்சித் தேர்தல் பணம் இல்லை என்று தள்ளிப் போடப்பட்டது. குடிமக்கள் உயர் நீதிமன்றம் போனார்கள். 2024 ஓகஸ்டில், அந்தத் தாமதம் அடிப்படை உரிமை மீறல் என்று தீர்ப்பு வந்தது. 2025 மே 6ஆம் திகதி தேர்தல் நடந்தது. இன்னொன்றும் சொல்கிறேன். பிரதேச சபைப் பணத்தில் தோட்டத்துக்குள் ஒரு பாதை போடக்கூட 1987ஆம் ஆண்டுச் சட்டம் தடையாக இருந்தது. முப்பது வருடம் கேட்டோம். 2018இல் அது திருத்தப்பட்டது. விடாமல் கேட்டதால்தான் வந்தது.

ஆகவே என் வேண்டுகோள் மூன்று.

முதலாவது, பாராளுமன்றத்துக்கு. முடிச்சை அவிழுங்கள். விகிதாசார முறையிலேயே மாகாண சபைத் தேர்தலை உடனே நடத்துங்கள். தொகுதி முறைதான் வேண்டும் என்றால், சிதறி வாழும் சப்ரகமுவத் தமிழரின் குரல் அமுங்காத வகையில் எல்லையைப் பிரித்துவிட்டுப் பிறகு பேசுங்கள்.

இரண்டாவது, நம் தலைவர்களுக்கு. 2012இல் சேர்ந்து நின்றீர்கள், இரண்டு கிடைத்தது. பிரிந்து நின்றால் இரண்டு மாவட்டத்திலும் வெறுங்கைதான். தேர்தல் அறிவித்த பிறகு பேசத் தொடங்காதீர்கள்.

மூன்றாவது, உங்களுக்கு. வாக்காளர் பதிவுப் படிவம் வரும் காலத்தில் கிராம உத்தியோகத்தர் லயத்துக்கு வந்து போனாரா என்று பாருங்கள். ஒரே லயத்து இலக்கத்தில் பத்துக் குடும்பம் இருக்கும் இடத்தில் ஒரு பெயர் விடுபடுவது எளிது. கொழும்புக்கு வேலைக்குப் போன பிள்ளையின் பெயரும், கலியாணம் முடித்து வந்த மருமகளின் பெயரும் இடாப்பில் இருக்கின்றனவா என்று நீங்களே கேளுங்கள். பெயரில் ஓர் எழுத்துப் பிழை இருந்தாலும் திருத்துங்கள். எங்கள் அப்பாயி தகரப் பெட்டியைக் காத்தது போல அந்தப் பெயரைக் காத்துக்கொள்ளுங்கள்.

என்னிடம் கேள்வி கேட்ட அந்த மாணவி இந்த அவையில் இருக்கிறாள். மகளே, நம் ஆளுநருக்குத் தேர்தல் கிடையாது. ஆனால் அவரைக் கேள்வி கேட்கும் சபைக்குத் தேர்தல் உண்டு. அது உன் உரிமை. நீ பதினெட்டு வயதாகி வரிசையில் வந்து நிற்கும் நாளில் உனக்காக ஒரு வாக்குச் சீட்டு அங்கே இருக்க வேண்டும். அதைக் கேட்டு வாங்கித் தருவது இங்கே இருக்கும் பெரியவர்களாகிய எங்கள் கடமை.